குடத்தை வைத்துவிட்டுப் போனவள்

செவ்வாய்க்கிழமைகளில் மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் தெருவில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். சமையலும் பாத்திரமும் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம் அது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு வேதபகுதி, அதற்குப் பிறகு ‘சாட்சி’. யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த நான், பெண்கள் பலர் முன்னால் எழுந்து நின்று ‘நான்’ என்று தொடங்கிப் பேசுவதை முதன்முதலில் பார்த்த இடம் அதுதான். வீட்டில் ஆண்கள் பேசும்போது குறுக்கே வாய் திறக்காதவர்கள் அங்கே பத்து நிமிடம் தடையில்லாமல் பேசுவார்கள்.

1994-இல் நான் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் அக்கா சேலை முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி எழுந்தார். கணவர் குடித்துவிட்டு வருவதையும், தான் பொறுமையாக ஜெபித்து வருவதையும் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண், “இவ்வளவு அடியையும் எப்படிக்கா தாங்குறீங்க?” என்று கேட்டாளாம். “எனக்கு ஒரு ஆண்டவர் இருக்கார்” என்று இவர் சொல்ல, அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்துவிட்டாளாம். கூட்டம் முழுவதும் “ஸ்தோத்திரம்” என்றது. என் அம்மாவும் சொன்னார். அந்தக் கன்னத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அன்றாட வாழ்வில் தன் விசுவாசத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வது கிறிஸ்தவர்களுக்குக் கடமையாகச் சொல்லப்படுகிறது. சுவிசேஷம் அறிவித்தல், ஆத்தும ஆதாயம், சாட்சியாக வாழ்தல் என்று அதற்குப் பல பெயர்கள். மேடையில் ஆண்கள் பிரசங்கிக்க, குழாயடியிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் பேருந்திலும் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் பெண்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. அதை யார் வார்த்தார்கள், அதில் எது சொல்ல அனுமதிக்கப்பட்டது, எது வெட்டப்பட்டது என்ற கேள்விகளோடு சில வாழ்க்கைகளையும் சில புத்தகங்களையும் வாசித்துப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு அங்கே வந்து வாழ்ந்தார். அவரிடமிருந்து ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றார். கற்றதைச் சுற்றியிருந்தவர்களுக்குச் சொன்னார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறார் என்று காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-இல்தான் கிளாரிந்தா என்ற பெயரோடு அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் அவருடையது. 1785-இல் எழுந்த ஆலயமும் அவர் முயற்சியே.

இந்தக் கதையை நெல்லைக் கிறிஸ்தவர்கள் பெருமையோடு சொல்வார்கள். நானும் அந்தப் பெருமையில் வளர்ந்தவள்தான். ஆனால் ஒரே வீட்டில் ஒரே வாழ்க்கையை இருவர் வாழ்ந்தார்கள். அதிகாரி பிறப்பால் கிறிஸ்தவர். அவருடைய கிறிஸ்தவத்தை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர் அந்தப் பெண் மட்டும். சபை அவரை ஏற்பதற்கு முன்பே அவர் சபையின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் பேச்சு செல்லும், அவர் உடல் செல்லாது என்பதுதான் அன்று எடுக்கப்பட்ட முடிவு. அவர் கட்டிய ஆலயத்தை ஊர்மக்கள் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்றே அழைத்தார்கள். புதிய பெயர் பதிவேட்டில் நின்றது. சாதிப் பெயர் சுவரில் ஒட்டிக்கொண்டது. அ. மாதவையா 1915-இல் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் ‘கிளாரிந்தா’ என்ற நாவலை எழுதினார். விதவைகளின் துயரத்தைத் தொடர்ந்து எழுதிய, கிறிஸ்தவரல்லாத ஒருவருக்கு இவர் வாழ்க்கை நாவலாகத் தோன்றியதில் வியப்பில்லை. மதம் மாறினார் என்பதைக் காட்டிலும், கைம்பெண்ணாக முடிந்துபோயிருக்க வேண்டிய ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே மறுபடி தொடங்கினார் என்பதே அதில் நாம் வாசிக்க வேண்டியது.

அடுத்த நூற்றாண்டில் இந்த வேலை சம்பள வேலையானது. லண்டனில் எலன் ரேன்யார்டு 1857-இல் ஏழைப் பெண்களை ‘பைபிள் உமன்’களாக அமர்த்தத் தொடங்கினார். விரைவிலேயே திருநெல்வேலியிலும் தென் திருவிதாங்கூரிலும் சென்னையிலும் அந்தப் பெயரில் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். விதவைகளும் உபதேசியார்களின் மனைவிமாரும் அவர்களில் அதிகம். ஆண் மிஷனரி நுழைய முடியாத உள்கட்டுக்குள் இவர்கள் நுழைந்தார்கள். உள்ளே இருந்த பெண்களுக்கு வேண்டியிருந்தது எழுத்தும் தையலும்; இவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது வேதக்கதை. இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அகரம் கற்றுக்கொண்டு, மதம் மாறாமலே இருந்துவிட்ட பெண்கள் ஏராளம். மிஷன் கணக்கில் அது தோல்வியாக இருந்திருக்கலாம். ஒரு பெண்ணுக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டதை நான் தோல்வி என்று எழுத மாட்டேன்.

மிஷன் அறிக்கைகள் எத்தனை வீடுகள் சந்திக்கப்பட்டன, எத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்று கவனமாக எண்ணின. நடந்தவர்களின் பெயர்களை எழுதுவதில் அந்தக் கவனம் இல்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் வேலையின் வருமானத்தில் ஒரு பகுதி பைபிள் உமன்களின் சம்பளத்துக்குப் போனது. கண் நோகப் பின்னியவர்களும் பெண்கள், கால் நோக நடந்தவர்களும் பெண்கள். அவர்கள் சேர்த்த சபைகளுக்கு ஆயராக நின்றவர்கள் ஆண்கள். சமையலறைவரை போகலாம், பலிபீடத்துக்குப் போகக்கூடாது என்ற அந்த எல்லைக்கோடு நெடுங்காலம் அழியவில்லை. தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013-இல்.

பேசாமலே சொல்லப்பட்ட சாட்சியும் ஒன்று உண்டு. தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியபோது சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். 1822-இல் தொடங்கி மூன்று கட்டமாக நீண்ட தோள்சீலைப் போராட்டம், 1859-ஆம் ஆண்டு அரச அறிவிப்போடு ஓரளவு ஓய்ந்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை அந்த அறிவிப்பிலும் இருந்தது. அந்தப் பெண்கள் யாரிடமும் கைப்பிரதி கொடுக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள். தங்கள் உடலுக்கும் மரியாதை உண்டு என்பதே அவர்கள் பெற்றுக்கொண்ட நற்செய்தி. அதை உடுத்திக்கொண்டு நடந்தார்கள். மிஷனரிகளின் நாகரிகக் கருத்து அந்த ரவிக்கையில் கலந்திருந்தது உண்மைதான். ஆனாலும் அடி வாங்கியது அந்தக் கருத்தல்ல, அவர்கள் தோள்கள்.

விசுவாசத்தைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். அகமத்நகரில் கிறிஸ்தவர்களான பிராமணக் குடும்பத்தில் 1862-இல் பிறந்து, சென்னையில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, உடல்நலம் கெட்டுப் படிப்பை விட்டவர். அவருடைய ‘சகுணா’ 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 1894-இல் அவர் இறந்த பிறகு நூலானது. தன் வரலாற்றை ஒட்டிய நாவல் அது. அதில் வரும் தந்தை படித்து, யோசித்து, விவாதித்துக் கிறிஸ்தவராகிறார். இளம் மனைவி ராதாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் அவள் உலகம் மாறிவிட்டது என்று தெரிவிக்கப்படுகிறது, அவ்வளவுதான். முடிவெடுத்தவர் ஒருவர், சாதி சனத்தை இழந்தவர் இருவர்.

கிருபாபாய் தீவிரக் கிறிஸ்தவர். அவருடைய மாமியாரே சென்னையில் வீட்டுக்குள் அடைபட்ட பெண்களிடையே ஊழியம் செய்தவர். அப்படிப்பட்டவர், தன் தாயின் சாயலில் படைத்த ராதாவின் பயத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அதைச் செய்யவில்லை. அழுகையும் அச்சமும் தன் பழைய ஆசாரத்தைப் பிடித்துக்கொண்ட பிடிவாதமும் அவளுடைய நியாயங்களாகவே பதிவாகின்றன. ராதா மெல்ல மெல்ல, தன் வேகத்தில், தன் கண்ணால் கண்டவற்றைக் கொண்டு அந்த நம்பிக்கைக்குள் வருகிறாள். இந்தியப் பெண்களைத் தாழ்வாகப் பார்த்த வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களின் மேட்டிமையையும் நாவல் விடவில்லை. அன்பைப் பற்றிச் சொல்ல வருபவர்கள் உட்கார நாற்காலி தருகிறார்களா என்று ஒரு பெண் கவனித்துக்கொண்டுதான் இருப்பாள் என்பது கிருபாபாய்க்குத் தெரிந்திருக்கிறது. இந்நாவலின் குறை, கணவனின் முடிவு இறுதியில் மனைவிக்கும் நன்மையாகவே முடிந்தது என்று கதை சாந்தமாகிவிடுவது. நன்மையில் முடியாத ராதாக்கள் நாவல் எழுதும் பெண்களைப் பெறவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த எழுத்து பாமாவுடையது. ‘கருக்கு’ 1992-இல் வந்தது. கத்தோலிக்கப் பறையர் குடும்பத்தில் பிறந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேவையும், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வேலையும் ஏச்சும் நடப்பதைப் பார்க்கிறார். வெளியே வருகிறார். அந்த நூலில் என்னை அசைத்த இடம், தனக்குச் சொல்லித் தரப்பட்ட கடவுளையும் தானாக வாசித்துக் கண்டுகொண்ட இயேசுவையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற இடம். சாந்தம், பொறுமை, கீழ்ப்படிதல் எல்லாம் சொல்லித் தந்தார்கள். அநியாயத்தைக் கண்டு கோபப்பட்டவர், ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றவர் என்பதை மறைத்துவிட்டார்கள் என்கிறார். நற்செய்தியைப் பாதியாகச் சொல்வதும் ஒரு பொய்தான் என்று அதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

‘சங்கதி’ (1994) இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாட்டிமார் பேச்சின் வழியே அந்த ஊர்ப் பெண்களின் வாழ்க்கை விரிகிறது. படிப்புக் கிடைக்கும் என்று சாமியார்கள் சொன்னதையும், ஆண்கள் வேதத்தில் சேர, பெண்கள் பின்னால் போனதையும் கேட்கிறோம். மதம் மாறாத மற்ற தாழ்த்தப்பட்ட சாதிகளில் ஒத்துவராத புருஷனைத் தீர்த்துவிட்டு வேறு வாழ்க்கை தேடலாம். கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கோயிலில் கட்டிய தாலியிலிருந்து வழியில்லை. சலுகையும் போனது: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. பின்னர் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் ஆணை திருத்தப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. ஆண் எடுத்த முடிவின் விலையைப் பெண் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

இங்கே அந்தக் கன்னத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த அக்கா 1994-இல் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-இல் எழுதப்பட்டது. அதன்படி, மனைவி வேறொருவரோடு உறவு கொண்டாள் என்று காட்டினால் போதும், கணவனுக்கு விடுதலை. மனைவிக்கு அது போதாது. கணவன் அப்படிச் செய்ததோடு கொடுமையும் செய்தான், அல்லது கைவிட்டான் என்றும் காட்ட வேண்டும். வெறும் அடி காரணமாகாது. நாடாளுமன்றம் 2001-இல் திருத்தும்வரை அந்த வாசகம் புத்தகத்தில் நின்றது. சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. சபை அந்தச் சாத்திய கதவுக்குப் பொறுமை என்று பெயர் வைத்து, அதைச் சாட்சியாகச் சொல்லவும் கற்றுக் கொடுத்தது. ‘நான் தாங்கினேன், ஆண்டவர் அவரை மாற்றினார்’ என்ற கதைக்கு மாலை உண்டு. ‘நான் வெளியே வந்தேன், ஆண்டவர் என்னோடு வந்தார்’ என்ற கதையை அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

இவ்வளவு விமர்சனம் செய்யும் நான், இந்தப் பேச்சையே தடுக்கக் கிளம்புகிறவர்களோடு சேர முடியாது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பொதுவான தண்டனை மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். மதம் மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, பதினெட்டு வயதுக்குட்பட்டவராகவோ, பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம். 2004 தேர்தலுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அந்தப் பிரிவைப் பாதுகாப்பு என்று சிலர் சொன்னார்கள். எத்தனை வயதானாலும், எவ்வளவு படித்தாலும் பெண்ணின் மனம் சிறுபிள்ளையின் மனம்தான் என்று அரசு எழுதிக் கையெழுத்திட்ட இடம் அது. பிரசங்கியார் பெண்ணை ஆதாயம் செய்ய வேண்டிய ஆத்துமாவாகப் பார்க்கிறார். சட்டம் அவளைத் திருடு போகக்கூடிய பொருளாகப் பார்க்கிறது. யோசித்து முடிவெடுக்கிற ஒருத்தியாக இரண்டு பேரும் பார்க்கவில்லை. கேரளத்தின் ஹாதியா வழக்கில், வயதுவந்த ஒரு பெண் தன் மதத்தையும் துணையையும் தானே தேர்ந்தெடுத்தார் என்பதை ஏற்க வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமை இருக்கிறது என்பதால் முறை சரியாகிவிடாது. என் அளவுகோல் எளிது: கேட்கிறவளால் மறுக்க முடிகிறதா? கர்ப்பப்பை அறுவை முடிந்து, அசைய முடியாமல் படுத்திருப்பவள் தலையில் முன்பின் தெரியாத ஒருவர் கைவைத்து உரக்க ஜெபிக்கிறார். அவள் கண்ணை மூடுவது சம்மதமல்ல. வீட்டுவேலை செய்பவளுக்குச் சம்பளக் கவரோடு கைப்பிரதி தரும் முதலாளியம்மா பகிர்ந்துகொள்ளவில்லை. அவள் வேண்டாம் என்றால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அதே வேலைக்காரப் பெண், தனக்குப் பிள்ளை பிழைத்த கதையை முதலாளியம்மாவிடம் சொன்னால் அது வேறு. ஒரே வாசகம்தான், அதிகாரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது என்பதில் அதன் பொருள் மாறிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: சொல்கிறவள் கேட்கவும் செய்கிறாளா? மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பக்கத்து வீட்டுக்காரியிடம், உன் சாமி உனக்கு என்ன செய்தாள் என்று கேட்டு, அந்தக் கதையைக் கடைசிவரை கேட்கும் பொறுமை நமக்கு உண்டா? அந்தப் பொறுமையை மட்டும் எந்தச் சாட்சியிலும் நாம் பாராட்டிக்கொண்டதில்லை.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில், கிணற்றடிக்கு உச்சி வெயிலில் வரும் சமாரியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நம் ஊர்க் கிணற்றுக்குப் பழக்கமான காட்சி அது: யூதர்கள் சமாரியரோடு ஏனம் புழங்குவதில்லை. இயேசுதான் முதலில் தண்ணீர் கேட்கிறார், அதாவது கொடுக்கிற இடத்தில் அவளை வைக்கிறார். பின்னால் வந்த பிரசங்கங்கள், ஐந்து புருஷன் என்ற ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அவளை ஒழுக்கங்கெட்டவளாக்கின. மூலக்கதை அப்படிச் சொல்லவில்லை. புருஷர்கள் இறந்திருக்கலாம், தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளும் அதிகாரம் பெரும்பாலும் ஆண் கையில் இருந்த சமூகம் அது. அவள் அழுது மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மலையில் தொழுவதா, எருசலேமில் தொழுவதா என்று வாதம் செய்கிறாள். பிறகு குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் போகிறாள். வந்து பாருங்கள் என்கிறாள். அவர் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று கேள்வியாகவே முடிக்கிறாள். முடிவை அவர்களிடம் விட்டுவிடுகிறாள். பகிர்தல் என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரார் வந்து பார்த்து நம்பிய பிறகு, இனி உன் சொல்லுக்காக நாங்கள் நம்பவில்லை என்று அவளிடமே சொல்கிறார்கள். அவள் பெயரும் எழுதப்படவில்லை. மிஷன் அறிக்கைகளுக்கு ஒரு முன்மாதிரி இருந்திருக்கிறது.

அந்த அக்காவைப் பற்றிப் பல வருடம் கழித்து அம்மாவிடம் கேட்டேன். அன்று ஏன் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று சண்டைக்குத்தான் கேட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருடம் முழுக்க, அந்த அண்ணாச்சி குடித்துவிட்டு வரும் நேரம் பார்த்து, ஏதாவது சாக்குச் சொல்லி அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் மாறி மாறி அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் இருந்தால் கை நீளாது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி கோயிலுக்கு வராத பக்கத்து வீட்டுக்காரி. அடுத்த வருடம் அந்த அக்கா மதுரைக்குத் தம்பி வீட்டுக்குப் போனபோது பஸ் ஏற்றிவிட்டதும் இவர்கள்தான்.

“இதை ஏன்மா ஒருநாளும் சாட்சியாச் சொல்லல?”

“அதுல சாட்சி சொல்ல என்னட்டி இருக்கு?” என்றார் அம்மா.